மூன்றாவது வாக்கு

"ரெண்டு பேருமே உயிரோடதான் இருக்காங்க. ஆனா ஒருத்தர் கூப்பிடுறது இன்னொருத்தருக்குக் கேக்கலை. அப்போ இதுல செத்துப்போனது யாரும்மா?"

சாப்பாட்டு மேசையில் அம்மா வரைந்து வைத்திருந்த இரண்டு கட்டங்களைப் பார்த்து மகள் ஒருநாள் இப்படிக் கேட்டாள். விழுந்த பால்பல்லின் ஓட்டை வழியே காற்றுப் போகப் போகக் கேட்டாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, ஏனென்று தெரியாமல், முதுகு லேசாகச் சிலிர்த்தது.

அம்மாவின் தொழிலே அந்தக் கட்டங்கள்தான். டேட்டாபேஸ் சர்வர்களை ஜோடி சேர்ப்பது. ஒரே விவரங்களை இரண்டு இயந்திரங்களில் வைப்பாள். இரண்டும் ஓயாமல் ஒன்றையொன்று "இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும். "இருக்கேன்" என்ற பதில் நின்றுபோனால், மற்றது போய்விட்டது என்று எண்ணி இது எல்லா வேலையையும் தன் தலையில் போட்டுக்கொள்ளும். யாருக்கும் எதுவும் நின்றுபோகாது.

ஆனால் மகள் கேட்ட மாதிரி, இரண்டும் உயிரோடிருந்து நடுவில் கம்பி மட்டும் அறுந்தால்? இரண்டுமே "நான்தான் மிச்சம்" என்று நினைக்கும். இரண்டும் தனித்தனியாக எழுதத் தொடங்கும். பிறகு எது உண்மை என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"அதுக்குத்தான் கண்ணு, மூணாவதா ஒருத்தரை உக்கார வைப்போம். சண்டை வந்தா அவர் யார் பக்கம் கை தூக்கறாரோ அவங்கதான் இருக்கறவங்க. இன்னொருத்தரை அணைச்சிடுவோம்."

"அந்த மூணாவது ஆளு பொய் சொல்ல மாட்டாரா?"

"மாட்டார். சாப்பிடு, ஆறிப்போகுது."

சர்வர் ஜோடி ஒன்றை வைக்க ஒரு மருத்துவமனைக்கு அவள் போய் இறங்கியது ஒரு சாதாரணக் காலைப்பொழுதில். பழைய கட்டடம் ஒன்று, முற்றத்துக்கு அப்பால் புதிய கட்டடம் ஒன்று. நடுவில் தோண்டிப் போட்ட மண்ணும், மஞ்சள் நிற இயந்திரமும், தலைக்கவசம் போட்ட ஆட்களுமாக ஒரே இரைச்சல். முதல் சர்வரைப் பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்திலும் இரண்டாவதைப் புதிய கட்டடத்திலும் வைக்கவேண்டும். ஒரு கட்டடம் தீப்பிடித்தாலும் நோயாளிகளின் விவரம் பிழைக்கும்.

இந்த மருத்துவமனைக்கு அது சின்ன விஷயமில்லை. மருந்துச் சீட்டே இங்கே கிடையாது. டாக்டர் எழுதுவது டேட்டாபேஸுக்குப் போகும். ஐ.சி.யூ.வில் படுக்கை அருகே இருக்கும் மருந்து பம்ப் அதைப் படித்து, சொன்ன அளவைச் சொன்ன வேகத்தில் ரத்தத்தில் இறக்கும். டேட்டாபேஸ் தவறாகச் சொன்னால் பம்பும் தவறாகவே இறக்கும். அதற்குக் கண் கிடையாது.

மேனேஜர் நல்ல மனிதர்தான். செலவு என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் முகம் வாடிவிடும்.

"மேடம், ரெண்டு வாங்கறதுக்கே மீட்டிங்ல என்னை உரிச்சுத் தொங்கவிட்டுட்டாங்க. நீங்க மூணுங்கிறீங்க. அந்த மூணாவது என்னதான் வேலை செய்யும்?"

"வேலை எதுவும் செய்யாது சார். சும்மா பார்த்துட்டிருக்கும்."

"சும்மா பார்த்துட்டிருக்க எங்ககிட்ட ஏற்கெனவே நிறையப் பேர் இருக்காங்களே மேடம்!"

அவளும் சிரித்துவிட்டாள். அங்கேதான் தப்பு தொடங்கியது. இரண்டே இயந்திரம் இருக்கும் இடங்களுக்கென்று ஓர் ஏற்பாடு உண்டு. தனியாக மிஞ்சுவது யாராயிருந்தாலும் தானே தலைமை எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்துவிடுவது. இப்போதைக்கு அதைப் போட்டுவைப்போம், மூன்றாவதைப் பிறகு கேட்டு வாங்கலாம் என்று நினைத்தாள். கட்டடங்களுக்கு நடுவே, சர்வர்கள் மட்டும் பேசிக்கொள்ள, பேச்சுக்கம்பி இரண்டு போட்டாள், ஒன்று அறுந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று. ஆனால் வெட்டியிருந்த பள்ளம் ஒன்றுதான். இரண்டு கம்பியும் ஒரே பள்ளத்தில் அக்காள் தங்கை போல ஒட்டிக்கொண்டு படுத்தன. அதுவும் இப்போதைக்குத்தான். ஒரு சர்வர் இன்னொன்றை அணைப்பதற்கான மெல்லிய கம்பியை மட்டும் கூரை மேலாகத் தனியே கொண்டுபோனாள்.

கணினித் தொழிலில் இந்த "இப்போதைக்கு" என்ற சொல்லுக்கு ஆயுள் கெட்டி. வைத்தவர் ஓய்வு பெற்றுப் போனபின்னும் வைத்தது அப்படியே இருக்கும்.

கீழ்த்தளத்துக்கு அவளை அழைத்துப் போனவர் மருத்துவமனையின் எலக்ட்ரீஷியன். எல்லாரும் அவரை ஃபியூஸ் அண்ணன் என்றார்கள். எதைக் கேட்டாலும் முதலில் ஃபியூஸைப் பார்க்கலாம் என்பாராம்.

படி இறங்க இறங்க வெளி இரைச்சல் தேய்ந்தது. கீழே ஜன்னல் கிடையாது. நடைபாதையின் குழல்விளக்கு ஒன்று எரிவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தபோது குளிர்காற்று முகத்தில் மோதியது. அதற்குள்ளே ஏதோ ஒரு வாசனை. தலைவலித் தைலத்தின் வாசனை.

"இங்க யாராவது உக்காருவாங்களாண்ணே?"

"யாரும் இல்லையே." அவர் வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றார். "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம். நான் மேல இருக்கேன். ஏதாவதுன்னா போன் பண்ணுங்க. இங்க டவர் கிடைக்காது, இருந்தாலும் பண்ணிப் பாருங்க."

"உள்ள வந்து ஒரு பிளக் பாயின்ட் காட்டிட்டுப் போங்கண்ணே."

"இடதுகைப் பக்கம். நல்லாத் தெரியும், பாருங்க. எனக்கு முட்டி வலி."

வாசலைத் தாண்டுவதற்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை.

வேலை சுறுசுறுப்பாக நடந்தது. இரண்டு சர்வரையும் எழுப்பி, ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்துவைத்தாள். வழக்கம்போல மனதுக்குள் ஒரு சிறு பிரார்த்தனையைச் சொல்லிவிட்டு கடைசிக் கட்டளையைத் தட்டினாள். எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று லேப்டாப்பில் கேட்டாள். சேர்ந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு.

வாக்குகள்: மூன்று.

அவள் வைத்தது இரண்டு. மறுபடி கேட்டாள். மூன்று. பழைய அமைப்பின் எச்சமாக இருக்கும் என்று மூன்றாவதை நீக்கும் கட்டளையைக் கொடுத்தாள். திரை இரண்டு என்றது. அவள் மூச்சு விடுவதற்குள் மீண்டும் மூன்று என்றது.

இணைப்புப் பெட்டியைப் பார்த்தாள். புதுக் கம்பிகளுக்கு நடுவே பழுப்பேறிய ஒரு பழைய கம்பி. அதன் விளக்கு மட்டும் நிதானமாக மினுங்கியது. பதைப்பில்லாமல் மூச்சு விடும் ஒருவரைப் போல.

அதைப் பிடுங்கினாள்.

திரையில் அப்போதும் மூன்று.

எங்கோ வேறு வழி இருக்கவேண்டும். கம்பி தேடும் கருவியை எடுத்தாள். அது இரண்டு துண்டு. ஒன்றைக் கம்பியின் முனையில் மாட்டினால் கம்பிக்குள் ஓர் ஓசையை அனுப்பும். இன்னொன்றைப் பேனா போலப் பிடித்துச் சுவரோரம் நகர்த்தினால், கம்பி ஓடும் இடத்தில் குருவி போலக் கீச்சிடும். அந்தக் கீச்சொலியைப் பின்தொடர்ந்து போனாள். இரும்பு அலமாரிக்குப் பின்னால், ஆணி தளர்ந்த ஒட்டுப்பலகைத் தடுப்பு ஒன்றைக் கடந்து போயிற்று கம்பி. பலகையை நகர்த்தினாள்.

உள்ளே ஆள் ஒருவர் கால் நீட்டமுடியாத அளவுக்கு ஓர் அறை. ஒரு மர நாற்காலி. அதன் கைப்பிடிகள் ஒருவர் கை பட்டுப் பட்டு வழவழத்திருந்தன. வேறொன்றும் இல்லை. பழைய கம்பி சுவரிலிருந்து இறங்கி, தரைக்கு எட்டாமல், அறுபட்டுத் தொங்கியது. வெட்டுப்பட்ட முனையில் செம்பு பச்சை பூத்திருந்தது.

அதன் மறுமுனையில் இயந்திரம் எதுவும் இல்லை. பல வருடங்களாகவே இருந்ததில்லை.

தைல வாசனை இங்கே கனமாக இருந்தது.

தொங்கும் கம்பிக்கு அருகே பேனாவைக் கொண்டுபோனாள். கீச்சொலி குறைந்தது. கையைப் பின்னுக்கு இழுத்தாள். நாற்காலிக்கு மேலே, வெறும் காற்றில், கருவி உரக்கக் கீச்சிட்டது.

இறக்கினாள். இன்னும் உரக்க.

ஒருவர் உட்கார்ந்திருந்தால் நெஞ்சு எங்கே இருக்குமோ, அந்த உயரத்தில் அது விடாமல் பாடியது.

அவள் கருவியை அணைத்தாள். நடக்கத்தான் நினைத்தாள். மேல்தளத்தின் வெளிச்சத்துக்கு வந்தபிறகுதான், படிகளை ஓடிக் கடந்திருக்கிறோம் என்பது மூச்சு வாங்கியதில் தெரிந்தது.

தேநீர் இயந்திரத்தின் பக்கத்தில் ஃபியூஸ் அண்ணன் நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் தன் கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்.

"நாற்காலியைப் பார்த்துட்டீங்க."

"யாருண்ணே அது?"

"சொன்னா வேலையை விட்டுட்டு ஓடிடுவீங்க. அப்புறம் மேனேஜர் என்னைப் பிடிச்சுக் கத்துவார்."

"சொல்லலைன்னா நான் இப்பவே கத்துவேன்."

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். முன்பு அங்கே ஒரு ஆபரேட்டர் இருந்தார். தடித்த கண்ணாடி. எந்நேரமும் நெற்றியில் தைலம். அப்போதும் இரண்டு இயந்திரம்தான். ஆனால் தானாக மாறுகிற வசதி கிடையாது. ஒன்று நின்றால் அவர் கையால் இன்னொன்றுக்கு மாற்றவேண்டும்.

"ஆனா மெஷின் சொல்லுதுன்னு மாத்திட மாட்டார் மேடம். மாடிக்கு ஓடுவார். படுக்கை படுக்கையா நின்னு நோயாளியைக் கண்ணால பார்ப்பார். எந்த மெஷின் சொல்றது நிஜம்னு பார்த்துட்டு, திரும்பக் கீழ ஓடி வந்து மாத்துவார். 'ஸ்க்ரீனுக்கு வலிக்காது தம்பி, அவங்களுக்கு வலிக்கும்'பார்."

"அப்புறம்?"

"இந்த ஆஸ்பத்திரியில ஒரு பழக்கம் உண்டு. டூட்டி மணி அடிச்சாலும் யாரும் கிளம்ப மாட்டாங்க. மாத்து ஆள் வந்து எதிர்ல நின்னு, 'நான் பார்த்துக்கறேன், நீங்க போங்க'ன்னு வாயால சொல்லணும். சொன்னாத்தான் எழுந்திரிப்பாங்க. நர்ஸ், வாட்ச்மேன், எல்லாரும். இவரோட மாத்து ஆளு வேற இடத்துல வேலை கிடைச்சுச் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான். புது ஆளு போட ஆபீஸ்ல மறந்துட்டாங்க. இவர் உக்காந்தே இருந்தார். கேட்டா, 'ஆள் வந்ததும் போறேன்'னார். உடம்பு முடியாதவர் மேடம். ஒருநாள் மத்தியானம் நான் ஃபியூஸ் பார்க்கப் போனேன். உக்காந்தபடியே இருந்தார். ஆனா இல்லை."

அவர் தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"அதுலேருந்து எனக்கு முட்டி வலி."

அன்றிரவு அவள் சரியாகத் தூங்கவில்லை. பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பசியோடு உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதரின் உருவம். அத்தனை பேர் நடமாடும் கட்டடத்தில், "சாப்பிட்டீங்களா?" என்று ஒருவர் எட்டிப் பார்த்திருந்தால் போதுமே. பெரிய பாவங்களை நாம் பயந்து பயந்து தவிர்க்கிறோம். எட்டிப் பார்க்காமல் விட்டதை யாரும் பாவக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மறுநாளும் எண்ணிக்கை மூன்றாகவே இருந்தது. நீக்கிப் பார்த்தாள், வந்துவிட்டது. அமைப்பை அழித்துத் திரும்பப் போட்டாள், வந்துவிட்டது. கடைசியில் கையை எடுத்துவிட்டாள். பலகைத் தடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார மட்டும் அவளால் முடியவில்லை. வேலை செய்யும்போது பின்னால் சில சமயம் மரம் முனகும். ஒருமுறை யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் கைகள் தட்டச்சுப் பலகையிலேயே உறைந்தன. பிறகு எதுவும் கேட்கவில்லை. அந்த மௌனம் செருமலைவிட மோசமாக இருந்தது.

புதிய அமைப்பு பயன்பாட்டுக்கு வந்தது. மேனேஜர் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார். பிற்பகலில் அவள் கீழ்த்தளத்தில் தனியாக அமர்ந்து இரண்டு சர்வரின் மூச்சையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருக்கியா? இருக்கேன்.

இருக்கியா? இருக்கேன்.

தரை அதிர்ந்தது. முற்றத்தில் மஞ்சள் இயந்திரம் எதையோ கடித்து இழுக்கும் ஓசை. அதற்கு மேலே மனிதர்களின் கூச்சல்.

இருக்கியா?

இருக்கியா?

இரண்டு பேச்சுக்கம்பியும் ஒரே பள்ளத்தில்தானே இருந்தன. ஒரே கடியில் இரண்டும் போய்விட்டன.

பழைய கட்டடத்தின் சர்வர் "நான்தான் மிச்சம்" என்று எழுதத் தொடங்கியிருந்தது. அவளே கொடுத்த அனுமதி. புதிய கட்டடத்திலும் இதுவே நடந்துகொண்டிருக்கும். மருந்தகமும் வெளிநோயாளிகளும் டாக்டர்களின் அறைகளும் ஒரு சர்வரோடு. ஐ.சி.யூ. இன்னொன்றோடு. இரண்டு உண்மைகள். தாமதிக்கும் ஒவ்வொரு கணமும் அவை விலகிப் போகின்றன. ஒன்றைக் கொன்றாக வேண்டும்.

எதைக் கொல்வது?

தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அதிகம் எழுதியதைக் காப்பாற்று, குறைவாக எழுதியதை அணைத்துவிடு. பழைய கட்டடத்து சர்வரில் எழுத்துகள் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தன. புதியதில் இருப்பது ஐ.சி.யூ. மட்டும். சில படுக்கைகள், சில வரிகள். விடை கண்முன்னே இருந்தது. கூரை வழியே போகும் மெல்லிய கம்பி மூலம் புதிய சர்வரை அணைக்கும் கட்டளையைத் தட்டினாள். கடைசி விசைக்கு மேலே விரல் நின்றது.

அறை சில்லென்று ஆயிற்று.

பின்னால் பலகை நகரும் ஓசை.

மெதுவாக. கனமான காலடி ஒன்று. அப்புறம் ஒன்று.

தைல வாசனை அவள் தோளருகே வந்து நின்றது.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. காதுக்குப் பக்கத்தில், மூச்சு வாங்குகிற, களைத்துப்போன குரல்:

"கையை எடும்மா. நான் போய்ப் பார்த்துட்டு வரேன்."

காலடிகள் வாசல் பக்கம் போயின. கதவு திறக்கவில்லை. ஆனால் நடைபாதையில் குழல்விளக்கு துடிப்பது நின்று, அணைந்து, எரிந்தது. படிகளில் ஏறும் ஓசை கேட்டது. வயதானவர் அவசரமாக ஏறும்போது கைப்பிடியைப் பற்றுவாரே, அந்த ஓசையும் கேட்டது.

அவள் விரல் அந்தரத்திலேயே நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

திரையில் மூன்றாவது வாக்கு இடம் மாறியது. இவ்வளவு நாளும் இந்த அறையில் இருந்து, கம்பி அறுந்தபின் யாருக்கும் கை தூக்காமல் நின்றது, இப்போது முற்றத்துக்கு அப்பால், கம்பியே இல்லாத அந்தப் பக்கத்தில் இருந்தது. புதிய சர்வருக்கு வாக்கு இரண்டு. இதற்கு ஒன்று. பெரும்பான்மை கிடைத்ததும் புதிய சர்வர் செய்யவேண்டியதைச் செய்தது. கூரைக் கம்பி வழியாகக் கட்டளை வந்தது.

அவள் கண்முன்னே பழைய கட்டடத்து சர்வரின் விளக்குகள் ஒவ்வொன்றாக அவிந்தன. விசிறிகள் பெருமூச்சு விட்டு ஓய்ந்தன.

அப்படி ஒரு நிசப்தத்தை அவள் அதற்குமுன் கேட்டதில்லை.

ஐ.சி.யூ.வுக்கு அவள் ஓடியபோது பெரிய சிஸ்டர் வாசலிலேயே மறித்தார். கண்கள் சிவந்திருந்தன.

"செருப்பைக் கழட்டும்மா. என்னம்மா ஆச்சு உங்க மெஷினுக்கு?"

"சிஸ்டர், இங்க யாருக்காவது... மருந்து ஏதாவது மாறிப்போச்சா?"

சிஸ்டர் ஓரமாக இருந்த படுக்கையைக் காட்டினார். பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி. முகம் வெளுத்திருந்தது, ஆனால் மூச்சு சீராக இருந்தது. அவள் விரலைக் கணவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"டாக்டர் அந்தக் கட்டடத்துலேருந்து ஒரு மருந்து எழுதினார். ஏத்தின கொஞ்ச நேரத்துல இந்தப் பொண்ணுக்கு உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டிப்போச்சு. ஒத்துக்காத மருந்து. இங்க இருக்கற ஸ்க்ரீன்லயே நிறுத்துன்னு போட்டேன். சரியா அந்த நேரம்தான் லைன் போச்சுன்னாங்க. பம்ப் திரும்ப ஓட ஆரம்பிச்சிருந்தா... நான் அடுத்த படுக்கையில இருந்தேன்மா. பார்த்திருக்கவே மாட்டேன்."

அந்த "நிறுத்து" எழுதப்பட்டிருந்தது புதிய சர்வரில் மட்டும். அவள் கொல்லப்போன சர்வரில். அதை அணைத்திருந்தால், பம்ப் மருத்துவமனையின் பொது இணைப்பு வழியாகப் பழைய சர்வரைக் கேட்டிருக்கும். அது "ஏற்று" என்றிருக்கும்.

அவள் குனிந்து பம்பைப் பார்த்தாள். நின்றிருந்தது.

"ஆனா ஒண்ணும்மா," என்றார் சிஸ்டர், "உங்க ஆபீஸ்ல பொறுப்பான ஆளுங்க இருக்காங்க. லைன் போனதுமே பெரியவர் ஒருத்தரை அனுப்பிட்டீங்களே. கண்ணாடி போட்டவர். பாவம், மூச்சு வாங்க வாங்க வந்தார். இந்தப் பொண்ணு பக்கத்துல நின்னு முகத்தைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், தலையை ஆட்டிட்டுப் போயிட்டார். ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போங்கன்னேன். நேரமில்லைன்னு கையைக் காட்டினார்."

படுக்கையைச் சுற்றி மருந்து நெடிக்கு நடுவே, மெல்லியதாக, தைல வாசனை இன்னும் இருந்தது.

பழைய சர்வரை மறுபடி எழுப்பினாள். கம்பிகளைத் தனித்தனிப் பள்ளத்தில் போடவைத்தாள். தான் செய்த தவறை மேனேஜரிடம் அவளே ஒளிக்காமல் சொன்னாள். அவர் பாதியில் கையை உயர்த்தினார்.

"நல்லாத்தானே முடிஞ்சது மேடம். மெஷின் சரியானதைத்தானே தேர்ந்தெடுத்தது? அப்புறம் எதுக்கு மூணாவது?"

அவரிடம் என்ன சொல்ல முடியும்? உங்கள் மூன்றாவது ஆள் இத்தனை வருடமாகச் சம்பளம் வாங்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்றா?

ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் மறுபடி வந்தாள். எதையோ விட்டுவிட்டேன் என்று வாட்ச்மேனிடம் சொன்னாள். பையில் வீட்டிலிருந்த சிறிய கணினி ஒன்று. அவள் தொழில் கற்றுக்கொண்ட நாளில் வாங்கியது. மருத்துவமனைக்கு அதைக் கொடுத்ததாக எந்தக் காகிதமும் இல்லை. யாருக்கும் சொல்லவும் இல்லை.

பலகையை நகர்த்தினாள். நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தாள். அறுந்த கம்பியின் பச்சை பூத்த முனையை வெட்டி எறிந்து, புதிய முனை போட்டு, சிறிய கணினியை அதில் பொருத்தினாள். மறுமுனையை இணைப்புப் பெட்டியில் செருகினாள். மூன்றாவது இருக்கைக்கு உரிய வேலையை அதற்குக் கற்றுக்கொடுத்தாள். பிறகு நாற்காலியின் எதிரே நின்றாள்.

வெறும் நாற்காலியிடம் பேசுவது அபத்தமாகத்தான் இருந்தது. ஆனால் குரல் தானாகத் தழைந்து வந்தது.

"ஐயா, ரொம்ப நேரமாக்கிட்டோம். மன்னிச்சுக்குங்க. நான் பார்த்துக்கறேன். நீங்க போங்க."

ஒன்றும் நடக்கவில்லை. விசிறிகள் மட்டும் இரைந்தன.

பிறகு மரம் முனகியது. கைப்பிடியில் கை ஊன்றி, நெடுநேரம் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்திருப்பது போல. மூட்டுகள் சொடுக்குவது கூடக் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டாள். குளிர் அவள் தோளை உரசிக் கடந்தது. தைல வாசனை நடைபாதை வரை போய்த் தேய்ந்தது.

லேப்டாப்பைப் பார்த்தாள். சர்வர் இரண்டு, சிறிய கணினி ஒன்று. வாக்குகள்: மூன்று. கணக்கு முதல்முறையாகச் சரியாக இருந்தது.

போய்விடலாம். ஆனால் "நான் பார்த்துக்கறேன்" என்று சொன்ன வாயோடு உடனே எழுந்து போவது அவளுக்குப் பொய்யாகப் பட்டது. நாற்காலியில் உட்கார்ந்தாள். மேலே மருத்துவமனை தன் போக்கில் நடந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பசித்தது. அவர் அனுபவித்ததில் ஒரு சிறு துளி என்று பொறுத்துக்கொண்டாள். டூட்டி முடியும் மணி எங்கோ தொலைவில் அடிக்கும்வரை, ஒரு முழு ஷிஃப்டும், திரையைப் பார்த்தபடி அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தாள்.

மணி அடித்து ஓய்ந்தது. எழுந்தாள். கடன் தீர்ந்தது என்று மனம் லேசானது. லேப்டாப்பை மூடக் குனிந்தபோது, நடைபாதையின் குழல்விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. அடுத்த ஷிஃப்டுக்குக் குளித்துவிட்டு வந்தவரின் ஈர வாசனை. அதற்கு மேலே, புதிதாகத் தடவிய தைலம்.

அவளுக்குப் பின்னால், யாரோ உட்கார்ந்தது போல, நாற்காலி முனகியது.

அவள் எந்த விசையையும் தொடவில்லை. திரையில் மூன்று என்றிருந்தது நான்காயிற்று.